உப்புக்காற்றில் மங்கும் சைக்கிள் விளக்கு: வீட்டில் செய்த டைனமோவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் பக்கம் அதிகாலை நாலு மணிக்குச் சைக்கிளில் கரைக்குப் போகிறவர்களின் விளக்கு அணைந்தால், முதல் சந்தேகம் டைனமோவாக வைத்திருக்கும் பழைய பிரிண்டர் மோட்டார் மேல்தான் விழுகிறது. உடனே நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்க்கிறார்கள். பழுது அங்கே இருப்பது அபூர்வம். திறந்த பிறகு அங்கேயும் ஒன்று வந்து சேரும். ஸ்டெப்பர் மோட்டாரின் ரோட்டரை வெளியே உருவினால் காந்தத்தின் வலு குறைந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் பழைய அளவுக்கு மின்சாரம் வராது. இந்தக் கடற்கரையில் விளக்கைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு ஏறிய இணைப்புகள்தான். கீழே உள்ள சோதனைகள் எல்லாமே மோட்டாரைத் திறக்காமல் செய்யக்கூடியவை.

எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம்

பழைய பிரிண்டர் அல்லது ஜெராக்ஸ் மெஷினில் கழற்றிய நாலு ஒயர் ஸ்டெப்பர் மோட்டார், படிப்படியாக, ஒரு படிக்கு 1.8 டிகிரி திரும்பும் வகை, தண்டு 5 மி.மீ. அந்தத் தண்டில் 25 மி.மீ. விட்டத்தில் ஒரு நைலான் உருளை, அதன்மேல் சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு சுற்று, பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டியது. ஸ்பிரிங் வைத்த கிளாம்ப் அதைப் பின்சக்கர டயரின் பக்கச்சுவரில் அழுத்துகிறது. முன்சக்கரத்தில் வைக்க வேண்டாம். கிளாம்ப் தளர்ந்து மோட்டார் ஸ்போக்கில் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். பின்னால் வைத்தாலும் படகுக்கு வாங்கும் நைலான் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து மோட்டாரை ஃபிரேமோடு சேர்த்து ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

மோட்டாருக்குள் இரண்டு காயில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டயோடு பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் நாலு டயோடு), ஆக 1என்5819 டயோடு எட்டு. இரண்டு பிரிட்ஜின் பிளஸ்ஸும் ஒன்றாக, மைனஸும் ஒன்றாக. அவற்றுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கண்டென்சர் ஒன்று. அதே இடத்தில் 7.5 வோல்ட் 5 வாட் ஜீனர் இரண்டு, வரிசையாக. கடைசியாக முன்விளக்கு: 1 வாட் வெள்ளை எல்இடி மூன்று, வரிசையாக, அலுமினியத் தகட்டில்.

ஜீனர் எதற்கு என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இந்த மோட்டாரின் குணம் புரிந்தால் விடமாட்டார்கள். வேகம் இரட்டிப்பானால் வோல்டேஜ் இரட்டிப்பாகும். கூடவே அலைவேகமும் இரட்டிப்பாகி, காயில் காட்டும் எதிர்ப்பும் அதே அளவு ஏறும். அதனால் நடை வேகத்தைத் தாண்டியதும் கரண்ட் ஓரளவுக்கு ஒரே மட்டத்தில் நின்றுவிடுகிறது. விளக்கு இருக்கும்வரை இது வசதி: வேகமாக மிதித்தாலும் எல்இடி எரிந்துபோகாது. ஆனால் விளக்கு ஒயர் அறுந்தால் அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் வோல்டேஜ் 50, 60 என்று ஏறும். அப்போது அதை 15 வோல்ட்டில் பிடித்து வைப்பது ஜீனர்தான். இரண்டாகப் பிரித்துப் போடுவது, சூடும் இரண்டாகப் பிரியட்டும் என்பதற்காக.

எதைத் தொடும் முன்பும் ஓர் அளவு

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, உருளையை டயரில் சாய்த்து, பெடலைக் கையால் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுங்கள். 28 இஞ்ச் சக்கரம், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் இது ஏறக்குறைய 15 கி.மீ. வேகம். இன்னொருவர் மல்டிமீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்துக் கண்டென்சரின் இரு காலிலும் தொடட்டும். விளக்கு இணைப்பிலேயே இருக்க வேண்டும்.

ஏசி அளவில் வைத்து மோட்டார் ஒயரை நேரடியாக அளக்காதீர்கள். இந்த வேகத்தில் மோட்டார் தருவது சுமார் 2,500 ஹெர்ட்ஸ். மலிவு மீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தது. அது காட்டும் எண்ணை நம்பி நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

மீட்டர் 9 முதல் 10 வோல்ட் காட்டினால் மின்சாரம் விளக்குவரை போகிறது. வேகமாகச் சுற்றினாலும் அந்த எண் பெரிதாக ஏறாது, அது இயல்பு. 15 காட்டி விளக்கு எரியவில்லையென்றால் மோட்டார், டயோடு எல்லாம் சரி. விளக்குப் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. 7.5 அளவில் நின்று எல்இடி மினுக்கட்டாம்பூச்சி அளவுக்குக்கூட எரியவில்லையென்றால் இரண்டு ஜீனரில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. 6.5 காட்டி விளக்கும் எரிகிறது என்றால் மூன்று எல்இடியில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட். மற்ற இரண்டு மட்டும் எரிகின்றன. 1.5 பக்கம் நின்றால் ஜீனர் இரண்டையும் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு வர வேண்டும். 17, 18 என்று ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். ஜீனர் வேலை செய்யவில்லை, அடுத்துப் போகப்போவது கண்டென்சர்.

பூஜ்யம் காட்டினால் கீழே முதல் அறிகுறி.

விளக்கு கொஞ்சமும் எரியவில்லை, மீட்டரும் பூஜ்யம்

புதிதாகச் செய்த வண்டியில் இது வந்தால், முதலில் காயில்களின் ஒயர் ஜோடியைக் கண்டுபிடித்துச் சோதியுங்கள். நாலு ஒயரில் எந்த இரண்டு ஒரு காயில் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். 5 முதல் 40 ஓம் வரை ஏதாவது காட்டினால் அது ஜோடி. மீட்டர் இல்லையென்றாலும் வழி உண்டு: இரண்டு ஒயர் நுனியைச் சேர்த்து முறுக்கிவிட்டு உருளையைக் கையால் திருப்புங்கள். சட்டென்று கனத்தால் அவை ஒரு ஜோடி. கனம் மாறவில்லையென்றால் வேறு வேறு காயிலின் ஒயர்கள். ஆறு ஒயர் மோட்டார் கிடைத்தால், மூன்று மூன்றாகப் பிரித்து, எந்த இரண்டுக்கு நடுவே ஓம் அதிகமோ அந்த இரண்டை எடுத்துக்கொண்டு நடு ஒயரை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று பூஜ்யம் காட்டினால் கண்டென்சரின் ஒரு காலை எடுத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஜீனர் இருப்பதால் இது ஆபத்தில்லை. விளக்கு எரிந்தால் கண்டென்சர் ஷார்ட். எரியாவிட்டால் ஜீனரின் காலை எடுத்துவிட்டு, மெதுவாக மட்டும் சுற்றுங்கள். இப்போது எரிந்தால் இரண்டு ஜீனரும் போய்விட்டன. அப்போதும் இருட்டுத்தான் என்றால் உருளையைப் பாருங்கள்: தண்டில் இறுக்கிய கிரப் ஸ்க்ரூ தளர்ந்து உருளை மட்டும் சுழன்றுகொண்டிருக்கும், தண்டு அசையாது. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. தண்டின் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பழைய பிரகாசம் இல்லை, பாதிதான் எரிகிறது

இரண்டு காயிலில் ஒன்று வேலை செய்யவில்லை. ஒரு காயிலின் ஒயர் ஜோடியைக் கழற்றிச் சுற்றிப் பாருங்கள், பிறகு அதைச் சேர்த்துவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் வெளிச்சத்தில் மாற்றமே இல்லையோ, பழுது அந்தப் பக்கம். அந்தப் பக்க டயோடு நாலையும் மீட்டரின் டயோடு அளவில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1என்5819 ஒரு திசையில் 0.15 முதல் 0.25 காட்டி, மறு திசையில் ஒன்றும் காட்டக் கூடாது. கடைக்காரர் 1என்4007 கொடுத்திருந்தால் 0.5, 0.6 காட்டும், அது கெட்ட டயோடு இல்லை, ஆனால் இவ்வளவு வேகமான அலைக்கு அது மந்தம். சூடாகும், வெளிச்சமும் கொஞ்சம் குறையும். டயோடுகள் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது ஒயர்தான்.

ஒயர் என்றதும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கரையில் பாதிப் பழுது இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் உறை புத்தம் புதிதாக இருக்கும். நுனியில் ஒரு விரற்கடை சீவினால் உள்ளே செம்பு கறுத்தோ, பச்சைக் களிம்பு பூத்தோ கிடக்கும். வெட்டின நுனி வழியாக உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். சுரண்டிவிட்டு ஒட்ட வைத்தாலும் ஒரு மாதம் தாங்காது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அரையடி போனாலும் போகட்டும். புதிதாக வாங்கும்போது ஈயம் பூசிய, வெள்ளையாகத் தெரியும் செம்புக் கம்பியாக வாங்கினால் இந்த வேலை பல மடங்கு குறையும்.

ஈயப்பற்று வைத்ததும் மேலே சுருங்கும் குழாய் போட்டு, இரு நுனியிலும் வாஸலின் தடவுங்கள். சிலிகான் பூசுவதாக இருந்தால் மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காடி மாதிரிப் புளித்த வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அமிலம் விடும். அதுவே செம்பைத் தின்னும். தண்ணீர் புகாமல் அடைத்தாயிற்று என்ற நிம்மதியில் இருக்கும்போது உள்ளே களிம்பு ஏறிக்கொண்டிருக்கும்.

பாதி வெளிச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய புட்டி டைனமோ பழக்கத்தில் சிலர் ஒற்றை ஒயர் ஓட்டி, மைனஸை ஃபிரேமில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 6 வோல்ட் 3 வாட் டைனமோவுக்கு அது சரி. இங்கே மோட்டார் ஒயர் ஏதாவது ஒன்று உரசி ஃபிரேமைத் தொட்டால் பிரிட்ஜின் ஒரு டயோடு ஷார்ட் ஆனதற்குச் சமம், அந்தக் காயில் பாதி நேரம் வீணாகும். எல்லாவற்றுக்கும் இரண்டு ஒயர் ஓட்டுங்கள். ஃபிரேமை மறந்துவிடுங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் மினுக்குகிறது

பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்பு மூட்டுகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது மட்டும் விளக்கு வெட்டினால் அது தளர்ந்த பற்று. சமதளத்தில் ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது சீமைக்கருவேல முள் குத்தியதற்கு உள்ளே வைத்த ஒட்டால் டயர் ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது. உருளை அந்த இடத்தில் எகிறுகிறது. ஸ்பிரிங்கை இறுக்கி இதைத் தீர்க்க முடியாது. ரிம்மை நேராக்குங்கள்.

தளர்ந்த பற்றைக் கண்டுபிடிக்க விளக்கை எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். எந்த இடத்தில் வெட்டுகிறதோ அதுதான். கையால் பிடித்து ஆட்டினால் நாலு இடம் சேர்ந்து ஆடி, எது என்று தெரியாமல் போகும்.

ஈரத்தில் அணைகிறது, காய்ந்த சாலையில் நன்றாக எரிகிறது

உருளை வழுக்குகிறது. வாடை மாதங்களில் டயர் மேல் படியும் உப்பு ஈரம் சாதாரண மழைத் தண்ணீரைவிட மோசம், பிசுபிசுத்துப் படிந்து நிற்கும். உருளையிலும் டயரிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தைப் பாதிச் சுற்று திருப்புங்கள். உருளை 13 சுற்றுச் சுற்ற வேண்டும். 11, 12 என்று வந்தால் வழுக்கல்.

அழுத்தத்தை அளக்க மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசு போதும். கொக்கியை உருளைக்குப் பக்கத்தில் மாட்டி, டயரை விட்டு உருளை விலகும் நொடிவரை இழுங்கள். 1 முதல் 1.5 கிலோ காட்டினால் சரி. ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் வைத்தால் வழுக்கல் நிற்கும், பெடல் கனக்கும், டயரின் பக்கச்சுவரில் நூல் தெரியத் தொடங்கும்.

அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் கோணத்தைப் பாருங்கள். மோட்டார் தண்டின் கோட்டை நீட்டிக்கொண்டே போனால் சக்கர அச்சின் நடுவில் போய் முட்ட வேண்டும். ஒரு நூலை அச்சின் நட்டிலிருந்து பிடித்தால் கண்ணாலேயே தெரியும். கோணல் இருந்தால் உருளை உருளாமல் தேய்க்கும். டயருக்குக் கீழே கறுப்புத் தூள் கொட்டும். கச்சான் காற்றில் மணல் பறக்கும் நாட்களில் அந்தத் தூளோடு மணலும் சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். உருளை ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்புக் கொடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பெடல் கனக்கிறது

எப்போது கனக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது உருளை பல்லைக் கடிக்கிற மாதிரி இழுத்து, ஏறி மிதித்து வேகம் பிடித்ததும் இலகுவாகிவிட்டால் அது மின்சாரப் பழுது: எங்கோ ஷார்ட். ஷார்ட் ஆன காயில் மெதுவான சுழற்சியில்தான் அதிகம் இழுக்கும். எந்த வேகத்திலும் ஒரே கனம் என்றால் அது இயந்திரப் பழுது, அதாவது ஸ்பிரிங் அழுத்தம் அல்லது பேரிங்.

உறுதிப்படுத்த மோட்டாரின் நாலு ஒயரையும் தனித்தனியாக விடுவித்து உருளையை விரல் நுனியால் திருப்புங்கள். சின்னச் சின்னப் படியாக இடறினாலும் சுலபமாகத் திரும்ப வேண்டும். அந்த இடறல் காந்தத்தினுடையது, குறை இல்லை. ஒயரை விடுவித்ததும் இலகுவாகிவிட்டால் ஷார்ட் மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. விடுவித்தும் கனம், கூடவே நறநறவென்று சத்தம் என்றால் பேரிங்குக்குள் உப்பு போய்விட்டது. தண்டு வெளிவரும் இடத்தில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் மோட்டாரை மாற்றிவிடுவதே மேல். பேரிங் மாற்ற ரோட்டரை உருவ வேண்டும்; அதன் விளைவு முதலிலேயே சொன்னதுதான். அடுத்த மோட்டாரை தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டி, பழைய டியூபில் ஒரு வட்டம் வெட்டித் தண்டில் மாட்டுங்கள். மணலும் தெறிக்கும் தண்ணீரும் பேரிங்கை எட்டாது.

எல்இடி அடிக்கடி போகிறது

மீட்டரை 10 ஆம்பியர் டிசியில் வைத்து விளக்கு வரிசையில் தொடராக இணைத்து, வேகமாகச் சுற்றிப் பாருங்கள். 1 வாட் எல்இடி தாங்குவது 350 மில்லியாம்பியர். அதற்கு மேல் காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது பெரிய மோட்டார், நல்ல யோகம். இதே மாதிரி இன்னொரு மூன்று எல்இடி வரிசையைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் கரண்ட் ஓரளவு சமமாகப் பிரியும். கரண்ட் அளவோடு இருந்தும் எல்இடி போனால் சூடுதான் காரணம். தகட்டுக்கும் எல்இடிக்கும் நடுவே வெப்பப் பசை இருக்கிறதா, தகடு 8×5 செ.மீ. அளவாவது இருக்கிறதா, காற்றுப் படும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தகட்டை அடைத்தால் தகடு வைத்தும் பயனில்லை.

கண்டென்சர் உப்பி வெடித்தது

இரண்டே காரணம். தலைகீழாகப் போட்டது, அல்லது ஜீனர் இல்லாமல் விளக்கு ஒயர் அறுந்தது. புதியது போடும் முன் ஜீனரைச் சோதியுங்கள்: விளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் 15 அளவில் நிற்க வேண்டும்.

நின்றதும் பின்விளக்கும் அணைந்துவிடுகிறது

ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது பின்னால் லாரி வருவது நினைவிருந்தால் இந்தப் பழுதைத் தள்ளிப் போடமாட்டீர்கள். நின்ற பிறகும் எரிய 5.5 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் கண்டென்சர் வேண்டும். பிளஸ்ஸிலிருந்து 100 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், அதன்பின் மைனஸுக்கு 5.1 வோல்ட் 1 வாட் ஜீனர், அங்கிருந்து 1என்4148 டயோடு வழியாகச் சூப்பர் கண்டென்சருக்கு. அதிலிருந்து 470 ஓம் வழியாகச் சிவப்பு எல்இடி. மூன்று நிமிடம் ஓட்டினால் நின்ற பிறகு பத்து நிமிடமாவது மெல்ல மங்கிக்கொண்டே எரியும்.

ஒரு நிமிடத்தில் அணைந்தால், மீதி டயோடு கையிலிருக்கிறதே என்று 1என்4148 இருக்க வேண்டிய இடத்தில் 1என்5819 போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பின்பக்கமாகக் கரண்டைக் கசியவிடும் சாதி, முன்பக்க வேலைக்குத்தான் நல்லது. டயோடு சரியாக இருந்தும், பகலில் பத்து நிமிடம், விடியற்காலைப் பனியில் ஒரு நிமிடம் என்று மாறி மாறி வந்தால், சர்க்யூட் போர்டின் மேல் படிந்த உப்பு ஈரம் குடித்து அதுவே ஒரு ரெசிஸ்டராகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, நிறமில்லா நெயில் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். காயவைக்காமல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.